மச்சானின் வெள்ளை டேங்கர்

1

இந்த ஆடியோடு நான் அந்தமானுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நாமக்கல்லில் என்னோடு லாரிப் பட்டறையில் கிடந்தவர்களில் பலர் துபாய்க்கும் குவைத்துக்கும் போனார்கள். அவர்கள் ஊருக்கு வந்தால் 'ஃபாரின்காரர்' என்று தனி மரியாதை. நான் போனால், "அந்தமான் நம்ம நாடுதானப்பா, இதுல என்ன இருக்குது" என்று டீ சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

நம் நாடுதான். ஆனால் கப்பலில் மூன்று நாள் வாந்தி எடுத்து வந்து இறங்கினால், இங்குள்ளவர்கள் சென்னை, கல்கத்தா, நாமக்கல் எல்லாவற்றையும் சேர்த்து 'மெயின்லேண்ட்' என்று ஒரே சொல்லில் கடல் தாண்டித் தள்ளிவிடுகிறார்கள். பேச்சு இந்தி. பக்கத்து வீடு வங்காளி, எதிர்வீடு தெலுங்கு. என் மகள் தீபா என்னை 'பாப்பா' என்று கூப்பிடுவாள். இந்தியில் அப்பாவுக்கு அப்படித்தான். ஒரு முறை ஊருக்குக் கூட்டிப்போனபோது, மீசை வைத்த என்னை அவள் நடுத்தெருவில் "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட, சித்தப்பா வீட்டார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது கப்பலில் அதை நினைத்துப் படுத்துக் கிடந்தேன்.

ஊரில் இருப்பவர்கள் வெளியூர் வாழ்க்கை பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் ஏக்கத்தை எழுதுகிறார்கள். எனக்கு இங்கே அதிகமாக வந்தது ஏக்கம் இல்லை, பொறாமை. அதைத்தான் எழுதப் போகிறேன். போன வருடம் நான் வேலை பார்த்த டேங்கர் கம்பெனியை மூடினார்கள். அடுத்து எந்தக் கம்பெனிக்கு ஓட்டுவது என்று நான் முடிவு செய்தாக வேண்டியிருந்தது. அந்தச் சில மாதங்களில் நடந்ததுதான் இது.

2

என் மனைவி கமலா இந்தத் தீவிலேயே பிறந்தவள். அவளுடைய அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டு, இங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர். பிறகு ரங்கத் பஜாரில் சிறிய மளிகைக்கடை வைத்தார். கமலாவுக்கு ஒரே அண்ணன், சேகர். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். எனக்கு மச்சான்.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் டீசல், பெட்ரோல் டேங்கர் ஓட்டினோம். போர்ட் பிளேர் டிப்போவில் லோடு ஏற்றி, டிரங்க் ரோட்டில் ரங்கத்துக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோய் இறக்க வேண்டும். அந்தச் சாலையை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் வண்டிகளை வரிசை கட்டிப் போலீஸ் காவலோடு விடுவார்கள். ஜாரவா பழங்குடி மக்களின் காடு அது. நடுவில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது. காடு முடிந்ததும் கடல் குறுக்கே வரும். வண்டியைப் படகில் ஏற்றி அக்கரை போக வேண்டும். அங்கிருந்து மேடும் பள்ளமுமாக ரங்கத் வரை. சாயங்காலம் ஐந்து மணிக்கே இங்கே இருட்டிவிடும்.

சேகர் மச்சானுக்கு அந்தச் சாலை அவருடைய வீட்டுக் கூடம் மாதிரி. செக்போஸ்ட் போலீஸ்காரர் அவரைக் கட்டிப்பிடிப்பார். படகுக்காரர்கள் அவருக்கு வெற்றிலை எடுத்து வைத்திருப்பார்கள். வங்காளியிடம் வங்காளம், தெலுங்கரிடம் தெலுங்கு, எல்லோரிடமும் இந்தி. நான் பேசும் இந்தியில் ஆண்பால் பெண்பால் இன்றைக்கும் தடுமாறும். வந்த முதல் வருடத்தில் முதலாளி "கல் ஆனா" என்றார், நாளைக்கு வா என்று. 'கல்' என்றால் இந்தியில் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். எனக்கு அதில் நேற்று மட்டும்தான் தெரியும். நேற்று வரவில்லை என்று திட்டுகிறார் என நினைத்து, "நேத்து வந்தேனுங்க" என்று தமிழில் சத்தியம் செய்துவிட்டு, மறுநாள் ஊர் சுற்றப் போய்விட்டேன். லோடு போகவில்லை.

இந்தக் கதையை மச்சான் எங்கள் கல்யாணப் பந்தியில் சொன்னார். தீபாவின் காதுகுத்தில் சொன்னார். ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்கிறார். நடித்துக் காட்டுவார், என் குரலிலேயே. கமலா சிரிப்பாள். தீபா, கேட்டுக் கேட்டுச் சலிக்காமல், "மாமா, பிர் ஸே, திரும்பவும் சொல்லுங்க" என்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

3

கம்பெனியை மூடும் செய்தி, போர்ட் பிளேரில் நாங்கள் குடியிருக்கும் டெய்ரி ஃபார்ம் பகுதியில், எங்கள் தெருமுனை டீக்கடையில்தான் எனக்கு வந்தது. முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் மெயின்லேண்டில், வண்டிகளை விற்கிறார். அன்றிலிருந்து டிரைவர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு, அடுத்து யாரிடம் போவது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு டேங்கர் என்றால் டேங்கர்தான். எங்களுக்கு அப்படி இல்லை. எந்தக் கம்பெனி என்பதில் உயிர் இருக்கிறது. டயரை யார் பார்க்கிறார்கள், வழுக்கையாகும் வரை ஓட்டச் சொல்வார்களா என்று முதலில் விசாரிப்போம். பிறகு லோடு. டேங்கரை முழுதாக நிரப்பினால் பயமில்லை, காலியாக வந்தாலும் பயமில்லை. பாதி நிரப்பி அனுப்பினால்தான் வினை. பிரேக் போட்டால் வண்டி நிற்கும், உள்ளே டீசல் நிற்காது, அலையாக வந்து முன்னால் மோதித் தள்ளும். இறக்கத்தில் அந்தத் தள்ளலை முதுகில் வாங்கியவனுக்கு மறக்காது. பாதி லோடு ஏற்றச் சொல்லும் முதலாளியிடம் எத்தனை சௌகரியம் இருந்தாலும் போகக் கூடாது. படகுக்குக் காத்திருக்கும்போது "எங்கே இருக்கே, எங்கே இருக்கே" என்று ஓயாமல் போன் அடிக்கும் ஆபீஸும் ஆகாது. முதலாளி எப்போதாவது ஸ்டீயரிங் பிடித்தவரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, போர்ட் பிளேருக்குப் புதிதாக வந்த பெரிய கம்பெனி. புத்தம்புது வெள்ளை டேங்கர்கள். ஏசி கேபின், பின்னால் பார்க்கக் கேமரா, மெத்தை மாதிரி சீட். மேனேஜர் சென்னையிலிருந்து வந்த பெண். எல்லோரும் மேடம் என்பார்கள். இன்னொன்று, ரங்கத்தில் ஷ்யாமல் தாதா என்ற வங்காளி. வங்காளத்தில் அண்ணனைத் தாதா என்பார்கள். பழைய டேங்கர் இரண்டு வைத்திருந்தார். அவரே டிரைவராக இருந்து முதலாளி ஆனவர். லாங் ஐலண்டுக்குப் படகில் போகும் டீசலையும் படகுத்துறை வரை அவர் வண்டிதான் கொண்டுபோகும். என்னை அவருக்குத் தெரியும். "ஆ ஜாவ் துரை, மேரா காடி தும்ஹாரா காடி" என்று போனில் சொன்னார். வந்துவிடு, என் வண்டி உன் வண்டி மாதிரி என்று அர்த்தம்.

எனக்கு வெள்ளை டேங்கர்தான் வேண்டும் என்று இருந்தது. மறைப்பானேன். கம்பெனி வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் பைக்கை மெதுவாக்கிப் பார்ப்பேன்.

ஆனால் அங்கே உள்ளூர்க்காரர்களுக்குத்தான் முதல் இடம் என்று பேச்சு வந்தது. மச்சான் எங்கள் வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு வந்து, "எனக்கு அங்க கிடைச்ச மாதிரிதான் மாப்ள. உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்" என்றார்.

சொல்லி வைக்கிறாராம். எனக்காக, இவர்.

"அண்ணன் சொன்னா நடக்கும்" என்றாள் கமலா, மீனை வாங்கிக்கொண்டே.

4

உள்ளூர்க்காரர் என்பதற்கு இங்கே ஒரு அட்டை உண்டு. ஐலண்டர் கார்டு. அது இருந்தால் கப்பல் டிக்கெட்டில் சலுகை, பிள்ளைகளுக்குப் படிப்பில் இடம், ஆபீஸில் உட்கார நாற்காலி. மச்சானுக்குப் பிறப்பிலேயே இருக்கிறது. எனக்கு இருபது வருடம் தாண்டியும் இல்லை.

நான் இங்கேயே தொடர்ந்து இருந்தேன் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்கிறார்கள். ஆரம்ப வருடங்களில் நான் முதலாளியின் வண்டி ஷெட்டில் தூங்கினேன். ஷெட்டுக்கு எந்த அலுவலகம் விலாசம் கொடுக்கும்? டிரைவிங் லைசென்ஸ் நாமக்கல் விலாசத்தில் இருந்தது. அதை இங்கே மாற்றப் போனால், நீங்கள் இங்கே இருப்பவர் என்று முதலில் காட்டுங்கள் என்றார்கள். இங்கே இருப்பவன் என்று காட்டப் போனால், லைசென்ஸ் அங்கே இருக்கிறதே என்றார்கள். கௌண்டரில் இருப்பவர் நல்லவர்தான். ஒவ்வொரு முறையும் தலையைச் சாய்த்து, "ஆப் மெயின்லேண்ட் கா ஆத்மி ஹை நா?", நீங்கள் மெயின்லேண்ட் ஆள்தானே, என்று அன்பாகக் கேட்பார். ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு.

தீபாவுக்குக் கல்லூரியில் இடம் வாங்க உள்ளூர்க்காரர் என்ற சான்று தேவைப்பட்டது. நான் அன்றைக்கு ரங்கத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். தாய் வழியில் வாங்கலாம் என்று சொல்லி மச்சான் அவளைக் கூட்டிக்கொண்டு தாசில் அலுவலகம் போனார். தாய்மாமன் என்று கையெழுத்துப் போட்டார். ஒரே காலையில் வேலை முடிந்தது. நான் வீட்டுக்கு வந்தபோது மாமனும் மருமகளும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பாப்பா, நீங்க வந்திருந்தா அவங்க நெறைய சவால் கேட்டிருப்பாங்க" என்றாள் தீபா. கேள்வியைத்தான் அவள் சவால் என்பாள். இந்தி அவள் தமிழில் அப்படிக் கலந்துவிட்டது. குற்றமாகச் சொல்லவில்லை, நான் வராததே நல்லதாகப் போயிற்று என்று ஆறுதலாகத்தான் சொன்னாள். அந்த ஆறுதல்தான் எனக்கு ஆறவில்லை.

5

ஒரு மத்தியானம் எனக்கு ஒரு போன் வந்தது. பெரிய கம்பெனி மேடம். சுத்தமான தமிழ்.

"துரைசாமிங்களா? சேகர்னு ஒருத்தரை நாங்க எடுக்கிறதா இருக்கோம். உங்க பேரைத்தான் சொன்னார், கூட ஓட்டினவர், என்னைப் பத்தி அவர்கிட்டயே கேளுங்கன்னு. எப்படி ஓட்டுவார்?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். மேடம் லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றார்.

"நாளைக்குச் சொல்றேனுங்க" என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"வண்டில இருக்கேனுங்க. நாளைக்குச் சொல்றேன்."

வண்டியில் இல்லை. வீட்டுப் படியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. மச்சானுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. லோடு அளக்கும் கம்பியை டேங்கில் விட்டு எடுத்தால் அதில் இருக்கும் கோட்டைப் படிக்க வேண்டும். கொஞ்ச நாளாக அவர் அதை என்னிடம் நீட்டி, "மாப்ள, கண்ணாடிய வண்டிலயே வச்சிட்டேன், பாத்துச் சொல்லுங்க" என்பார். அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. எதிரே வரும் வண்டியின் விளக்கு வட்டம் வட்டமாகச் சிதறித் தெரிவதாக ஒரு தடவை தானாகவே சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். மழை பிசுபிசுத்த ஒரு சாயங்காலம், படகில் வண்டி ஏற்றும்போது, நிறுத்து என்று கையை ஆட்டிய ஆளை அவர் பார்க்கவில்லை. ஆள் ஓரமாகக் குதித்தான். மச்சான் சிரித்துச் சமாளித்து அவனுக்கு வெற்றிலை கொடுத்தார். எல்லோரும் மறந்துவிட்டார்கள். பின்னால் என் வண்டியில் இருந்த நான் மறக்கவில்லை.

சொன்னால் உண்மையைச் சொன்னதாக இருக்கும். அதோடு வெள்ளை டேங்கர் அவர் கையை விட்டுப் போகும். நான் எத்தனையோ நாள் வேண்டிக்கொண்ட மாதிரியே. சொல்லாவிட்டால் நல்லவன் பெயர் கிடைக்கும். அவர் பெட்ரோல் நிரம்பிய வண்டியோடு அந்த இருட்டுச் சாலையில் போவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பொறாமை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. கமலாவிடம்கூடக் கேட்கவில்லை. எழுந்து மச்சான் வீட்டுக்கு நடந்தேன். எங்கள் தெருவுக்குக் கீழே, சரிவில் இருக்கிறது.

கொல்லைப் படியில் உட்கார்ந்து சூரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சங்கரா மீன் கழுவி வைத்திருந்தது. செதில் அங்கங்கே அப்படியே இருந்தது.

"வாங்க மாப்ள! சாப்பிட்டுத்தான் போகணும்."

"மச்சான், கண் டாக்டரைப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"உங்களுக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியறதில்லீங்க."

கத்தி நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. கம்பியை நான்தானே படிச்சுச் சொல்றேன்."

"அரே, அது வெயில்ல கூசுது. அதுக்குப் போயி..." என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். "மேடம் போன் பண்ணாங்களா?"

"பண்ணாங்க."

"நீ என்ன சொன்னே?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை 'நீங்க' என்றுதான் பேசுவார். தங்கை வீட்டுக்காரன் என்ற மரியாதை. அன்றைக்குத்தான் முதல் முறை 'நீ'.

"இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க. உங்ககிட்டச் சொல்லிட்டுச் சொல்லலாம்னு வந்தேன்."

"ஜலன்" என்றார் இந்தியில். பிறகு எனக்குப் புரியாதோ என்று நினைத்தவர் போலத் தமிழிலும் சொன்னார். "பொறாமை. எனக்கு எப்பவோ தெரியும். நான் நாலு பேரைச் சிரிக்க வச்சா உனக்கு ஆகாது. உம் பொண்ணு எங்கிட்ட ஒட்டிக்கிட்டா உனக்கு ஆகாது. இப்ப நல்ல வண்டி கெடைக்குதுன்னதும் வந்துட்டே, என் கண்ணைப் புடுங்க."

"ஆமாங்க மச்சான், பொறாமைதான்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "உங்க மேல எனக்குப் பொறாமை இல்லாத நாளே இல்லீங்க. ஆனா உங்களுக்குக் கண்ணு தெரியலைங்கறதும் நெசந்தான். ரெண்டும் நெசம்."

அவர் கத்தியை மீன் பலகையில் குத்தி வைத்தார்.

"போ" என்றார்.

மறுநாள் மேடத்துக்கு நானே போன் செய்தேன். "அந்த ரோட்டுல அவரை மாதிரி ஓட்டறதுக்கு ஆள் கெடையாதுங்க. ஆனா வண்டியக் குடுக்கறதுக்கு முன்னாடி கண்ணை டெஸ்ட் பண்ணுங்க. அவருக்கு மட்டும் இல்லீங்க, எடுக்கற எல்லாருக்கும்."

"மெடிக்கல் சர்டிபிகேட்தான் வச்சிருக்காங்களே?"

"அது கையெழுத்துங்க. கண்ணு இல்லீங்க."

மேடம் "தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டார்.

6

புது டிரைவர்கள் எல்லோரையும் கம்பெனி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. மச்சானுக்கு இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். இங்கே மோதியாபிந்த் என்பார்கள். சர்க்கரை வேறு இருந்ததால் சீக்கிரமே வந்திருக்கிறது. ஆபரேஷன் முடியும் வரை வண்டி இல்லை.

வீட்டில் அடுப்பு எரிந்தது, சோறு வெந்தது, பேச்சு மட்டும் இல்லை. கமலா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "எங்கண்ணன்கிட்ட முதல்ல போய்ச் சொன்னீங்களா, இல்ல மேடம்கிட்டயா?"

"அவர்கிட்டத்தான்."

"அதுக்காகத்தான் உங்களுக்குச் சோறு போடுறேன்" என்று தட்டை வைத்தாள்.

தீபா அதுவும் பேசவில்லை. காலையில் கல்லூரிக்குப் போகும்போது "பாப்பா, பாய்" என்பாள். அதையும் நிறுத்தினாள்.

அந்த நாட்களில்தான் மேடம் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். மச்சானுக்கென்று ஒதுக்கிய வண்டி சும்மா நிற்கிறது, நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அட்டை கிட்டை எதுவும் அவர் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்து, உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்.

ஏறி உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. சீட் என் இடுப்பைத் தாங்கிப் பிடித்தது. இத்தனை வருடம் நான் ஓட்டிய வண்டிகள் எதுவும் என் இடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. முன்னால் சின்னத் திரையில் வண்டியின் பின்பக்கம் தெரிந்தது. கேட்டுக்கு வெளியே யாரோ ஒருவன் பைக்கை மெதுவாக்கி இந்த வண்டியைப் பார்த்துவிட்டுப் போனான்.

இறங்கி வந்து, "வேண்டாமுங்க" என்றேன்.

"ஏன்? பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்குதுங்க."

அதற்கு மேல் அவரிடம் விளக்க முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன். இதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வண்டியை எடுத்தால் ஊர் முழுக்க அதைச் சேகரின் வண்டி என்றுதான் சொல்லும். சேகர் விட்டதை எடுத்தவன் என்று எனக்குப் பெயர் வரும். அவர் இல்லாத இடத்திலும் அவருக்குக் கீழே உட்கார என் பொறாமை இடம் கொடுக்கவில்லை. அன்றைக்கே ஷ்யாமல் தாதாவுக்குப் போன் செய்தேன். "கல் ஆத்தா ஹூம்" என்றேன். நாளைக்கு வருகிறேன். இந்த முறை தப்பில்லை.

தாதாவின் வண்டியில் ஏசி கிடையாது. ஜன்னல் கண்ணாடியைக் கையால் பிடித்துத் தூக்க வேண்டும். ஆனால் முதல் நாளே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அவரே ஓட்டிக் காட்டினார், எந்த கியரில் எங்கே முனகும் என்று. பாதி லோடு அவர் அகராதியில் இல்லை. மாதத்தில் பாதி நாள் ரங்கத்தில் தங்கல். வீட்டில் இருந்த பேசாத நாட்களுக்கு அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

மச்சானுக்கு முதல் கண் ஆபரேஷன் போர்ட் பிளேரிலேயே நடந்தது. கமலா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நீங்களும் ஒரு எட்டுப் போய்ட்டு வாங்க" என்றாள். போனேன். வார்டு வாசலில் நின்றேன். மச்சான் ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் தீபா. ஆரஞ்சை உரித்து, நாரெடுத்து, கொட்டையெடுத்து, ஒவ்வொரு சுளையாக அவர் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ சொல்ல, சிரித்தாள்.

கண்ணில் கட்டுப் போட்டுக் கிடக்கும் மனிதனைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் மாத்திரையை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆரஞ்சு உரித்ததில்லை.

உள்ளே போகாமல் வாங்கிப்போன பழப்பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். படியிறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம்.

"பாப்பா!"

நின்றேன். தீபா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். கையில் ஆரஞ்சு வாசனை.

"உள்ள வராம ஏன் போறீங்க?"

"மாமா தூங்கறாரோன்னு..."

"தூங்கல. நான் பாத்துட்டேன் உங்கள." விரல்களைத் துப்பட்டாவில் துடைத்தாள். "பாப்பா, எனக்கும் தெரியும். மாமா கண்ணு. தாசில் ஆபீஸ்ல கையெழுத்து எங்க போடணும்னு அவங்களுக்குத் தெரியல. என் விரலை அந்த இடத்துல வைக்கச் சொன்னாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. மாமாக்குக் கோவம் வந்துடும்னு டர் லக்கா. பயந்துட்டேன்."

"எனக்கும் பயந்தான்."

"ஆனா நீங்க சொன்னீங்க."

நான் அவள் தலையில் கை வைத்தேன். சின்ன வயதில் வைத்தது. அவள் தட்டிவிடவில்லை. பிறகு, "வாங்க" என்று என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே போனோம்.

மச்சான் கட்டில்லாத கண்ணால் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும் வரை மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.

7

இரண்டாவது கண்ணும் முடிந்து, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, மேடம் மச்சானுக்கு வெள்ளை டேங்கரைக் கொடுத்தார். இந்த வருடம் பொங்கலுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னிடம் நேராகப் பேசவில்லை. ஆனால் 'கல்' கதையைச் சொன்னார், என் குரலில், முன்பைவிட நீட்டி. எல்லோரும் சிரித்தார்கள். அவர் அதைச் சொல்லாமல் போயிருந்தால் நான் பயந்திருப்பேன்.

போன வாரம், ஜாரவா காட்டுக்கு அக்கரையில் இருக்கும் பாராடாங் படகுத்துறையில் எங்கள் இரண்டு வண்டிகளும் ஒரே வரிசையில் நின்றன. இரண்டும் லோடு இறக்கிக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தவை. படகு அக்கரையில் இருந்தது. மழை விட்டு நல்ல வெயில். மச்சானின் டேங்கர் வரிசையின் முன்னால், கழுவித் துடைத்தது மாதிரி. பின்னால் ஒரு பஸ், ஒரு ஜீப் தள்ளி, தாதாவின் பழைய வண்டியில் நான். கதவைத் திறந்து போட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் இறங்கிப் படகுக்காரர்களோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஏசியில் இருந்து இறங்கியவரின் சட்டையில் ஒரு நனைவுகூட இல்லை. வழக்கமான எரிச்சல் வழக்கமான இடத்தில் ஆரம்பித்தது.

அப்போது அவர் என் வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"மாப்ள!" அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். "உங்க பின் டயரு, வெளிப்பக்கத்து டயரு, வெடிச்சிருக்கு! கம்பி தெரியுது! இங்கேர்ந்தே தெரியுது எனக்கு!"

பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. புதுக் கண்ணைக் காட்டிக்கொள்கிறார், காலையில் நான் பார்த்துத்தானே எடுத்தேன் என்று முனகிக்கொண்டு இறங்கிப் போய்க் குனிந்தேன்.

வெளி டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கிழிசல். நடுவில் கம்பி. காட்டுக்குள் போயிருந்தால், நிறுத்தக் கூடாத சாலையில், என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவில்லை.

ஸ்டெப்னியை இறக்கினேன். மச்சான் தன் வண்டியிலிருந்து ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். புது ஜாக்கி. நான்கு அழுத்தில் வண்டியைத் தூக்கும் ரகம். தாதாவின் ஜாக்கி அரை மணி நேரம் மன்றாட வைக்கும். அவர் உட்கார்ந்து அழுத்த ஆரம்பித்தார். நான் நட்டைக் கழற்றினேன். அக்கரையிலிருந்து படகு கிளம்பிவிட்டது.

"நீங்க போங்க மச்சான், படகு வருது. நான் அடுத்த நடையில வர்றேன்."

"சும்மா கழட்டுங்க மாப்ள" என்றார். 'நீங்க' திரும்பி வந்துவிட்டிருந்தது.

அவருடைய ஜாக்கி மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தக் கண்கள் மேல் அதைவிட. பின்னால் இருந்த வண்டிகளை முன்னே விட்டு, டயரை மாற்றி முடித்து, இருவரும் அடுத்த படகில்தான் போனோம்.